கொசு கடிக்காத முகம்

கொசு அவள் கன்னத்தில்தான் உட்கார்ந்திருந்தது. எமில்டா அதைக் கண்ணாடியில் பார்த்தாள், கன்னத்தில் உணரவில்லை. வலது கண்ணுக்குக் கீழே, மங்கு படர்ந்திருந்த இடத்தில், பின்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு அது குனிந்தது, ஊசியை இறக்கப் பார்த்தது, வழுக்கியது. சற்றுத் தள்ளி நடந்து மறுபடியும் குனிந்தது. மறுபடியும் வழுக்கியது. பிறகு பறந்துபோய் அவள் முழங்கையில் உட்கார்ந்தது. அங்கே சுரீர் என்றது.

முழங்கையைச் சொறிந்துகொண்டே கண்ணாடியை நெருங்கினாள். மங்கு குறைந்திருந்தது, அதில் சந்தேகமில்லை. கிரீமின் வழவழப்பில் கொசுவுக்குப் பிடி கிடைத்திருக்காது என்று சொல்லிக்கொண்டாள். சொல்லி முடித்த பிறகுதான் அன்றைக்கு இன்னும் கிரீமே போடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அவளுக்கு முகம் ஒரு கவலையாக இருந்ததில்லை. தூக்கம்தான் கவலை. துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கன்டெய்னர்களுக்கான ஆவணங்களைத் தயாரிக்கும் வேலை. ஓர் எழுத்து பிசகினால் சரக்கு கப்பலேறாது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் கன்டெய்னர் எண்கள் கண்ணுக்குள் ஓடும். எதையோ தப்பாக அடித்துவிட்டோம் என்று எழுந்து உட்காருவாள், போனைத் திறந்து சரிபார்ப்பாள், எல்லாம் சரியாக இருக்கும், ஆனாலும் சந்தேகம் போகாது. இப்படியே வருடங்கள் போனதில் கண்ணுக்குக் கீழே கருமையும் கன்னங்களில் மங்கும் ஏறிவிட்டன. பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார் வாசலில் செருப்பு மாட்டும்போதே, "பிள்ள சீக்காளி மாதிரில்லா இருக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எமில்டா அதை மறந்துவிட்டாள். அம்மா பிளாரன்ஸ் மறக்கவில்லை. மீன் கழுவும்போதும் ஜெபமாலை உருட்டும்போதும் அந்த வாக்கியம் அம்மாவின் உதட்டில் அசைவது தெரியும்.

அம்மாதான் அவளை மரியசெல்வியிடம் கூட்டிப்போனாள். திரேஸ்புரத்தில், வலை காயப்போட்டிருக்கும் ஒரு சந்துக்குள், வீட்டின் முன்னறையையே பியூட்டி பார்லராக்கி வைத்திருந்தவள் மரியசெல்வி. உள்ளே நுழைந்ததும் பன்னீர் வாசனை முகத்தில் அடித்தது. தேவைக்கு அதிகமான பன்னீர்.

"இது முகத்துக்கு இல்லளா, தூக்கத்துக்கு. நல்லாத் தூங்குனா முகம் தானா வரும்," என்று சொல்லிக்கொண்டே மரியசெல்வி ஒரு சின்ன டப்பாவை அவள் கையில் வைத்தாள். "சாயங்காலம் விளக்கு வச்சதும் வெதுவெதுப்பான தண்ணியில முகத்தக் கழுவு. துடைக்காத, ஒத்தி எடு. அப்புறம் மோதிர விரலால கீழ இருந்து மேல தடவணும். போன வெளிய வச்சிரு. லைட்ட அணச்சிரு. பூசுன பொறவு பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது. உள்ள இறங்கணும்லா."

"இதுல என்னக்கா இருக்கு?"

"முத்துச்சிப்பி. நம்ம ஊருல வேற என்ன இருக்கும்?"

முதல் நாளே தூக்கம் வந்தது. கிரீம் குளிர்ச்சியாக இருந்தது, தாடையிலிருந்து நெற்றி வரை விரல் போகப்போக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த எண்கள் ஒவ்வொன்றாக மங்கின, ஜன்னலுக்கு வெளியே ஐஸ் ஏற்றும் வண்டியின் சத்தமும் கோவில் மணியும் பக்கத்து வீட்டு டிவியும் யாரோ மேலே மேலே துணி போர்த்துவதுபோல அமுங்கின, கனமான எதையோ காலில் கட்டிவிட்டதைப்போல அவள் நேராகக் கீழே இறங்கினாள், அடியில் போய் மெத்தென்று உட்கார்ந்தாள். காலையில் அம்மா உலுக்கித்தான் எழுந்தாள். எழுந்து அழுதாள். சந்தோஷத்தில்தான். இப்படி ஒரு தூக்கம் உலகத்தில் இருக்கிறது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

சில நாட்களில் அம்மா அந்த வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். "நீ அவசரப்படுத. இங்கன படு, நான் போடுதேன்." மடியில் தலை வைத்துப் படுக்கச் சொல்லி, வாய்க்குள் ஜெபமாலையைச் சொல்லியபடி, ஒவ்வொரு 'அருள் நிறைந்த மரியே' மந்திரத்துக்கும் ஓர் இழுப்பாகத் தடவினாள். முகம், கழுத்து, பிறகு கைகள், பாதங்கள். அம்மாவின் விரல்கள் இவ்வளவு மெதுவாக இருக்கும் என்று எமில்டாவுக்குத் தெரியாது. சின்ன வயதில்கூட அந்தக் கை அவளை இப்படித் தொட்டதில்லை. அதனால்தான் கொசுவைப் பற்றி அவள் அம்மாவிடம் சொல்லவில்லை.

ஆனால் தன்னையே நம்பாத பழக்கம் அவளுக்கு. எதையும் இரண்டாம் முறை சரிபார்த்தால்தான் மனம் ஆறும். மறுநாள் காலை சூடான காபி டம்ளரைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். விரல் சுட்டது, கன்னம் சுடவில்லை. ஒரு கரண்டியை எடுத்து மெல்லத் தட்டினாள்.

டக்.

பல்லில் பட்டிருக்கும் என்று நினைத்தாள். நெற்றியில் தட்டினாள். டக். நெற்றி எலும்புதானே, அப்படித்தான் கேட்கும். கழுத்தில், குரல்வளைக்குப் பக்கத்தில், எலும்பே இல்லாத இடத்தில் தட்டினாள்.

டக்.

அலுவலகத்தில் அவள் மேலதிகாரி ஜோன்ஸ் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு கேட்டார்: "என்ன மேடம், டியூப்லைட்டு எனக்கு மேல எரியுது, வெளிச்சம் உங்க மூஞ்சில இருந்து வருது?" எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டதாகத்தான் அவள் நினைத்தாள். ஜோன்ஸின் சிரிப்பு பாதியில் நின்றது. "கோவமா மேடம்? சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னேன்." அவள் கழிப்பறைக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று சிரித்தாள். வயிற்றில் சிரிப்பு இருந்தது, தொண்டை குலுங்கியது. கண்ணாடியில் ஓர் அழகான பெண் அவளை அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை, தலைவலி என்று பொய் சொல்லி, கிரீம் வேண்டாம் என்றாள். அம்மாவின் முகம் வாடியது. "வார ஞாயித்துக்கெழம ஜெரால்டு வீட்டுல பேசி முடிக்க வாராவ. கப்பல்ல இன்ஜினியர் மாப்பிள்ள. எத்தன வீட்டுல கேட்டு வந்த சம்பந்தம்னு தெரியும்லா? ஒரு நாளு விட்டாலும் போச்சு."

"ஒரு நாளுதானம்மா."

தூக்கம் வரவில்லை. கூரை விசிறி சுற்றும் சத்தமும் தூரத்தில் துறைமுகத்துக் கிரேன் கன்டெய்னரை இறக்கும் சத்தமும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. அவள் புரண்டு படுத்தாள். அப்போதுதான் அதை முதலில் உணர்ந்தாள். அவள் புரண்டு முடித்த பிறகு, ஒரு கணம் கழித்து, நெஞ்சுக்குள் எதுவோ புரண்டது. உருண்டையாக. மெதுவாக. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் உருண்டு வந்து விலாவில் முட்டி நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மறுபக்கம் திரும்பினாள்.

அதுவும் வந்தது.

விடிந்ததும் கண்ணாடி முன் நின்று காதோரம் நகத்தால் கீறினாள். ஒரு செதில் பெயர்ந்து விரலோடு வந்தது. வெங்காயத்தோல்போல மெல்லியது. வெளிச்சத்தில் பிடித்தால் பச்சையும் இளஞ்சிவப்பும் நீலமுமாகக் குழைந்து மின்னியது. பெயர்ந்த இடத்தில் ரத்தம் இருக்கும் என்று பார்த்தாள். ரத்தம் இருந்தால் அவள் நிம்மதி அடைந்திருப்பாள். அடியிலும் அதே மினுமினுப்பு. அதற்கும் அடியில் அதுவே.

அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. நேராகத் திரேஸ்புரம் போனாள்.

பார்லரில் யாரும் இல்லை. "அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனாள். பன்னீர் வாசனை நடைவழியோடு முடிந்தது. அதற்குப் பிறகு வேறொரு வாசனை. கருவாடு இல்லை, சாக்கடை இல்லை. மூடிய பாத்திரத்துக்குள் பல நாள் கிடந்த சதையின் இனிப்பான நாற்றம். பின்கட்டில் நீல பிளாஸ்டிக் டிரம்கள் நின்றன. ஒவ்வொன்றின் வாயிலும் ஈரச் சாக்கு கட்டியிருந்தது. சாக்குகள் மேல் ஈக்கள், சாக்கின் நிறமே தெரியாத அளவுக்கு.

"அங்கன போகாதளா, குமட்டும்." மரியசெல்வி ஈரக் கையைத் துடைத்தபடி பின்னால் நின்றாள்.

"என்னக்கா இது?"

"சிப்பிதான். பயந்துட்டியா? கத்தி வச்சு நெம்பித் திறந்தா உள்ள இருக்கற முத்துல கீறல் விழுந்துரும். அந்தக் காலத்துல முத்துக்குளிப்பு நடந்தப்பவும் இப்படித்தான், யாரும் திறக்க மாட்டாவ. குமிச்சுப் போட்டு மூடி வச்சிருவாவ. சத அழுகும், ஈ வரும், புழு திங்கும். நாத்தத்தப் பொறுத்துக்கிட்டுச் சும்மா இருக்கணும். பொறவு தண்ணிய விட்டு அலசுனா முத்து மட்டும் அடியில கிடக்கும்."

எமில்டா காதோரத்தைக் காட்டினாள். உதடு சரியாகப் பிரியவில்லை, சொற்கள் கூழாக வந்தன. "அக்கா, இத நிப்பாட்டணும். உள்ள என்னமோ இருக்கு. உருளுது."

மரியசெல்வியின் கண்கள் மலர்ந்தன. "அதுக்குள்ளயா? என் மக பெனிஷாவுக்கு ரொம்ப நாளு ஆச்சே!" அவள் சுவரைக் காட்டினாள். கல்யாணப் போட்டோ. வெள்ளைக் கவுனில் மகள், பக்கத்தில் மாப்பிள்ளை. மகளின் முகம் அவ்வளவு வெண்மையாக, அவ்வளவு வழவழப்பாக இருந்தது. கேமரா வெளிச்சம் நெற்றியிலும் கன்னத்திலும் ஒரேபோலப் படிந்திருந்தது. எமில்டா நெருங்கிப் பார்த்தாள். கண்களிலும் அதே வெளிச்சம். அதே வெண்மை. கண்மணிகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பளபளப்பு.

"இப்ப கனடாவுல இருக்கா. ஒரு சண்ட கிடையாது, ஒரு குற கிடையாது. இப்படி ஒரு தங்கமான மருமவ கெடச்சாளேன்னு அவ மாமியா போன் போட்டுச் சொல்லுதா."

"பெனிஷா பேசுவாளா அக்கா?"

மரியசெல்வி ஒரு சாக்கின் நுனியை இழுத்து இறுக்கினாள். "முத்து எதுக்குளா பேசணும்?"

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எமில்டா ஒன்றை மட்டும் சொல்லிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை. எல்லார் முன்னாலும். வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். கல்யாணமும் வேண்டாம், கிரீமும் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அந்நியர்கள் முன்னால் சொன்னால் அம்மாவால் மறைக்க முடியாது. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அதுவரை விழித்திருக்கப் பார்த்தாள். ஆனால் மாலை மணி அடித்ததும் அம்மா அறைக்குள் வந்தாள், கதவைச் சாத்தினாள், லைட்டை அணைத்தாள். எமில்டா தள்ளினாள். கைகள் அசைந்தன, ஆனால் மெதுவாக, ஆழத்தில் அசைவதுபோல. அம்மாவின் விரல் தாடையில் பட்டது. கீழிருந்து மேலே. அந்தக் குளிர்ச்சி. அந்த மெதுவான, அன்பான கை. உடம்பு தானாக இறங்க ஆரம்பித்தது. தன் உடம்பின் மேல் அவளுக்கு வந்த கசப்பைப்போல எதன் மேலும் வந்ததில்லை. அது தூங்க விரும்பியது.

சனிக்கிழமை, அம்மா மீன் வாங்கப் போன நேரத்தில், போனை எடுத்தாள். யாரிடமாவது. ஜோன்ஸிடமாவது. போன் அவள் முகத்தைப் பார்த்தது. தெரியவில்லை என்றது. மறுபடியும் காட்டினாள். தெரியவில்லை. விரலை வைத்தாள். விரல் நுனி கண்ணாடிபோல இருந்தது, ரேகை ஒன்றுகூட இல்லை. எண்களை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். டக். டக். டக். திரை அவள் விரலை விரலாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜெரால்டு வீட்டார் வந்தார்கள். பட்டுப்புடவை, மல்லிகை, தட்டில் மக்ரூன், சர்பத். அம்மாதான் அவளை நடத்திக்கொண்டு வந்து உட்கார வைத்தாள். அறை முழுக்க ஊதுபத்தி எரிந்தது. தேவைக்கு அதிகமான ஊதுபத்தி. அதற்கடியில் இருந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று எமில்டாவுக்குத் தெரியும். அவளுக்குள்ளிருந்து.

"யாத்தே, என்ன நெறம்!" ஜெரால்டின் தாய் அவள் கன்னத்தை வருடினாள். "மைனி, எங்க ஒளிச்சு வச்சிருந்திய இவள?"

"தூக்கந்தான் மைனி. நல்லாத் தூங்குவா."

"அது போதும். எங்க பெரிய மருமவ இருக்காளே, வாய் மூடுனதே கிடையாது. பல்லத் தேச்சதும் ஆரம்பிச்சான்னா ஜெபம் சொல்லும்போதுதான் நிப்பா. அதுவும் எங்க மாமனாரு முறைச்சாத்தான்." எல்லாரும் சிரித்தார்கள். "இவ அடக்கமான பிள்ள. பாத்தாலே தெரியுது."

ஜெரால்டு மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்சம் கூச்சத்தோடு முன்னால் குனிந்தான். மற்ற எவரும் கேட்காததை அவன் கேட்டான். "உங்களுக்குச் சம்மதந்தானா? கட்டாயம்னு எதுவும் இல்ல. பிடிக்கலைன்னா சொல்லிருங்க."

இப்போது.

எமில்டா தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் திரட்டினாள். வயிற்றிலிருந்து, நெஞ்சிலிருந்து. வேண்டாம். சொல் தொண்டை வரை வந்தது. நாக்கில் ஏறியது. உதட்டில் வந்து முட்டியது.

உதடுகள் இல்லை.

உதடுகள் இருந்த இடத்தில் நகம்கூட நுழையாத ஒரு கோடு. சொல் முட்டியது. முட்டியது. திரும்ப உள்ளே போனது. நெஞ்சில் அந்த உருண்டை மெல்லப் புரண்டு, போன சொல்லின் மேல் ஏறி உட்கார்ந்தது.



"வெக்கப்படுதா," என்றாள் அம்மா.

"அப்ப சம்மதந்தான்," என்றாள் ஜெரால்டின் தாய். தட்டு கைமாறியது. யாரோ சர்பத்தை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்கள். ஜெரால்டு அவள் முகத்தை இன்னும் ஒரு கணம் பார்த்தான். பிறகு அவனும் புன்னகைத்தான்.

அவர்கள் போன பிறகு மரியசெல்வி வந்தாள். கையில் மடித்த சாக்கு. இருவருமாக எமில்டாவைக் கட்டிலில் கிடத்தினார்கள். ஜன்னல்களை அடைத்தார்கள், விசிறியை நிறுத்தினார்கள். சாக்கைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து காலிலிருந்து கழுத்து வரை போர்த்தினார்கள். வெயில் ஓட்டுக்கூரையை உருக்கிக்கொண்டிருந்தது. அம்மா அவள் நெற்றியில் சிலுவை போட்டாள். அம்மாவின் கண்களில் நீர் இருந்தது. அதுதான் எமில்டாவுக்குத் தாங்கவில்லை.

"பயப்படாதம்மா. வலிக்காதாம்."

எமில்டா கண்களால் கெஞ்சினாள். அவளிடம் மிச்சமிருந்தது அவை மட்டும்தான்.

அம்மா அந்தக் கண்களைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். "இப்படிப் பாக்காத. உனக்காகத்தான செய்யுதேன்." கொஞ்சம் நிறுத்தி, திருத்திக்கொண்டாள். "உள்ள இருக்கறவளுக்காக."

கதவு சாத்தும் சத்தம். வெளியே தாழ்ப்பாள். பிறகு குரல்கள்.

"எத்தன நாளு ஆகும்?"

"நாத்தம் நின்ன பொறவு திற. அவசரப்பட்டுத் திறந்தா கீறல் விழுந்துரும்."

"பக்கத்து வீட்டுல கேட்டா?"

"தூங்குதான்னு சொல்லு."

செருப்புச் சத்தம் தேய்ந்தது. அறையின் வெளியே அம்மா உட்காருவது கேட்டது. ஜெபமாலை மணிகள் உருண்டன. பெரிய பாத்திரம் ஒன்றைத் தரையில் இழுத்து வைக்கும் சத்தம். அதில் தண்ணீர் விழும் சத்தம்.

சூடு. ஈரம். இருட்டில்லை, அடைத்த ஜன்னலின் இடுக்கிலிருந்து ஒரு கோடு வெளிச்சம். அது அவள் முகத்தின் மேல் கிடந்தது.

அந்த வெளிச்சத்தில் ஓர் ஈ வந்தது.

கன்னத்தில் உட்கார்ந்தது. அவள் அதை உணரவில்லை. கால்களைத் தேய்த்துக்கொண்டது. நடந்தது. மூக்கின் ஓரமாக ஏறியது. இமையின் விளிம்பில் நின்றது. இமையை மூடு. மூடு. மூடு. இமை அசையவில்லை. ஈ விளிம்பைத் தாண்டியது. அவள் பார்த்துக்கொண்டிருக்க, அது கரிய கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, அவள் கண்ணின் வெள்ளையில் நடந்து, வழுக்காமல், கண்மணியின் நடுவில் வந்து நின்றது. அங்கே இன்னும் கொஞ்சம் சதை இருந்தது. அது குனிந்தது.